குடுவையும் குருதியும்: மூலிகைச் சேர்வை ஆராய்ச்சி பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு பொருளை மருந்தென்று கொள்வதற்கு முன் அறிவுடையோர் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. அப்பொருள் நோயின்மேல் என்ன செய்யவல்லது என்பது ஒன்று. உண்டபின் அது நோயுள்ள இடத்தைச் சென்றடைகின்றதா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு ஆய்வுகூடத்துக் குடுவை விடை கூறும். இரண்டாம் வினாவுக்கு உடம்பே விடை கூறவேண்டும். மூலிகைகளைப் பற்றி இந்நாளில் எழுதப்படுங் கட்டுரைகளுட் பல, முதல் வினாவின் விடையையே இரண்டுக்கும் விடையாகக் கொண்டு முடிபு கூறுகின்றன. அவற்றை மறுப்போருட் சிலரோ, இரண்டாம் வினாவுக்கு ‘இல்லை’ என்ற விடை கிடைத்தவுடன் ஆராய்ச்சி முழுவதுமே வீணென்று ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரும் அளவைநெறியிற் பிழைக்கின்றனர் என்பதும், அப்பிழை ஏட்டளவில் நில்லாது நோயாளர் உயிரையுந் தொடுகின்றது என்பதும் ஈண்டுக் காட்டப்படும். எடுத்துக்காட்டாக, நம் அடுக்களையில் நாளும் வழங்கும் மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னுஞ் சேர்வையை முதன்மையாகக் கொள்வாம்.

வாயினால் உட்கொண்ட ஒரு சேர்வை குருதியை அடைவதற்குக் கடக்கவேண்டிய வாயில்கள் பல. முதலாவதாக, அது குடல்நீரிற் கரைதல் வேண்டும். கரையாத பொருள் உண்டபடியே கழிந்துபோகும். இரண்டாவதாக, சிறுகுடலின் சடைமுளைகளைப் போர்த்துள்ள கலங்களின் மென்சவ்வை அது ஊடுருவுதல் வேண்டும். அம்மென்சவ்வு கொழுப்பினால் ஆயது. ஆதலின் நீரில் மாத்திரங் கரையும் பொருளை அது எளிதில் ஏற்பதில்லை. கொழுப்பில் மாத்திரங் கரையும் பொருளோ முதல் வாயிலிலேயே தடைப்படுகின்றது. மூன்றாவதாக, உட்புகுந்த பொருளைப் பிடித்து மீண்டுங் குடலினுள்ளே தள்ளிவிடும் புரதங்கள் அக்கலங்களில் உள்ளன. நான்காவதாக, அக்கலங்களிலுள்ள நொதியங்கள் சேர்வையை வேறொன்றாக மாற்றத் தொடங்குகின்றன. இவையனைத்தையுங் கடந்து சென்றாலும், குடலிலிருந்து செல்லுங் குருதி உடம்பெங்கும் பரவுமுன் ஈரல் வாயினாளத்தின் வழியே ஈரலுக்குட் புகுகின்றது. ஈரல், அந்நியச் சேர்வைகளோடு குளுக்குரோனிக்கமிலத்தையோ சல்பேற்றையோ பிணைத்து, அவை நீரிற் கரையுமாறு செய்து, பித்தநீர் வழியாகவுஞ் சிறுநீர் வழியாகவும் வெளியேற்றுகின்றது. உண்ட அளவில், மாற்றமின்றிப் பொதுக் குருதியோட்டத்தை அடையும் பங்கினை இக்கட்டுரையிற் ‘கிடைப்பளவு’ என்று வழங்குவாம்.

இவ்வமைப்பிற் குறை காண்பதற்கில்லை. நாள்தோறும் நாம் உண்ணுந் தாவரப் பொருள்களில் நஞ்சாகக்கூடிய சேர்வைகள் பல உள. அவற்றைத் தடுத்து நிறுத்தும் இக்காவலே நம்மை உயிரோடு வைத்திருக்கின்றது. தாவரங்கள் தம் சேர்வைகளைத் தம் தேவை நோக்கி ஆக்கின. மனிதனின் குடலமைப்பை நோக்கி ஆக்கவில்லை. ஆகையால் ஒரு மூலிகைச் சேர்வை எளிதிற் குருதியை அடையுமென்று முன்கூட்டியே எதிர்பார்ப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சேர்வையையுந் தனித்தனியே சோதித்தறிதலே வழி.

பிரெஞ்சு இரசாயனரான பெல்லற்றியே என்பார், வோகெல் என்பாருடன் சேர்ந்து 1815 இல் மஞ்சளிலிருந்து அதன் நிறப்பொருளைப் பிரித்தெடுத்தார். அவரே 1820 இல் கவென்ற்று என்பாருடன் சேர்ந்து சிங்கோனாப் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தார். ஒருவர் கைப்பட்ட இவ்விரு பொருள்களுள் குவினைன், உண்டவுடன் குடலில் நன்கு அகத்துறிஞ்சப்பட்டு, குருதியிலுள்ள மலேரியாக் கிருமியைத் தாக்கி, உலகெங்கும் மருந்தாயிற்று. மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமினோ, அதன் அமைப்பு 1910 இல் தெளியப்பட்டபின்னும், இரண்டு நூற்றாண்டு கடந்த இன்றும் ‘மருந்தாகக்கூடும்’ என்று ஆராயப்படும் நிலையிலேயே உள்ளது. இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பலவாயினும், அவற்றுட் பெரிய காரணம் மேற்கூறிய வாயில்களே.

குர்க்குமினுக்கு முதல் எச்சரிக்கை 1978 இலேயே விடுக்கப்பட்டது. வால்ஸ்ற்றம், பிளென்னோ என்னும் இருவர், எலிகளுக்கு உடல்நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 1 கிராம் வீதங் குர்க்குமினை ஊட்டினர். அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பங்கு மலத்தோடு கழிந்தது. சிறுநீரிற் காணப்பட்டது புறக்கணிக்கத்தக்க அளவே. மலத்திற் கழிந்ததனால் மாத்திரம் ஒரு பொருள் அகத்துறிஞ்சப்படவில்லை என்று கூறுதல் முறையன்று. உறிஞ்சப்பட்டுப் பித்தநீர் வழியே மீண்டுங் குடலை அடைந்திருக்கவுங் கூடும். அவ்வாய்வாளர் இதனை உணர்ந்து, குருதித் தெளியத்தையும் பித்தநீரையும் அளந்து பார்த்த பின்னரே, குர்க்குமின் குடலிற் குறைவாகவே உறிஞ்சப்படுகின்றது என்ற முடிபுக்கு வந்தனர். முறையான ஆராய்ச்சிக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

அவ்வெச்சரிக்கைக்குப் பின்பும், குடுவையில் வளர்க்கப்பட்ட புற்றுநோய்க் கலங்கள்மேற் குர்க்குமினை இட்டு, அவை அழிந்தன என்று கூறும் ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அவற்றில் இடப்பட்ட செறிவு எவ்வளவு என்பதே நாம் கேட்கவேண்டியது. பெரும்பாலும் அது ஒரு லீற்றருக்கு 5 முதல் 50 மைக்கிரோமூல் வரை. நடுவில் 10 மைக்கிரோமூலைக் கொண்டால், லீற்றருக்கு ஏறக்குறைய 3.7 மில்லிகிராம் ஆகும். 2001 இல் தைவானில் நடைபெற்ற பரிசோதனையில், நாளொன்றுக்கு 8 கிராம் குர்க்குமினை உட்கொண்ட நோயாளரிடத்துங் குருதித் தெளியத்தின் உச்சச் செறிவு சராசரி 1.77 மைக்கிரோமூலைத் தாண்டவில்லை. அதற்கு மேற்பட்ட அளவை, பருமன் மிகுதியால், நோயாளர் விழுங்க மறுத்தனர். குடுவையிற் கலத்தை அழித்த செறிவு, விழுங்கக்கூடிய உச்ச அளவாலுங் குருதியில் எட்டப்படவில்லை என்பது இதனால் வெளிப்படும்.

குடுவையிலே வேறொரு குழப்பமும் உண்டு. உடம்பின் வெப்பநிலையில், நடுநிலையை ஒட்டிய தாங்கற் கரைசலில் இட்ட குர்க்குமினில் நூற்றுக்கு 90 பங்கு அரைமணி நேரத்துள் சிதைந்துவிடுகின்றது என்பது 1997 இல் அறியப்பட்டது. குருதித் தெளியம் சேர்ந்த ஊடகத்தில் அச்சிதைவு குறையும்; ஆயினும் நிற்பதில்லை. ஆகவே, கலத்தை அழித்தது குர்க்குமினா அதன் சிதைவுப் பொருளா என்பதும் ஐயத்துக்கிடமாகின்றது. 2017 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் மருந்துசார் இரசாயன ஏடொன்றில் விரிவான மதிப்புரை ஒன்றை வெளியிட்டனர். குர்க்குமின் நிலையற்றது, கிடைப்பளவு குன்றியது, சோதனை முறைகளையே ஏமாற்றிப் பொய்யான விடைகளைத் தரவல்லது என்பன அவர் எடுத்துக்காட்டிய குறைகள். மருத்துவப் பரிசோதனைகள் நூற்றுக்கு மேற்பட நடந்தும், உரிய கட்டுப்பாடுகளோடு நிகழ்ந்த ஒன்றேனும் வெற்றி பெறவில்லை என்பது அவர் முடிபு. இம்முடிபு மிகையென மறுத்து எழுதியோரும் உளர். ஆயினும் அவர் எழுப்பிய வினாக்கள் மறுப்பினால் மறையத்தக்கன அல்ல.

இனி, பலரும் எடுத்தோதும் மிளகுச் செய்தியை நோக்குவாம். 1998 இல் பெங்களூரிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது மனிதரிடத்து அதன் கிடைப்பளவு நூற்றுக்கு 2000 பங்கு உயர்ந்தது என்று கூறிற்று. பிப்பரின் என்பது மிளகிலும் திப்பிலியிலும் உள்ள காரச் சேர்வை. ‘மஞ்சளோடு மிளகைச் சேர்த்தால் இருபது மடங்கு பயன்’ என்று இவ்வாய்வு எங்கும் பரவிவிட்டது. எண் பொய்யன்று, அதனைப் படித்த முறையே பிழையானது. எதன் இருபது மடங்கு என்பதைக் கேட்டல் வேண்டும். குர்க்குமினைத் தனியே உண்டவர் குருதியில் அது அளக்கமுடியாத அளவிலோ மிகச் சிறிய அளவிலோ இருந்தது. பிப்பரினோடு உண்டபின் எட்டிய உச்சம் லீற்றருக்கு ஏறக்குறைய 0.18 மில்லிகிராம். மேலே கூறிய குடுவைச் செறிவாகிய 3.7 மில்லிகிராமோடு ஒப்பிட்டால், இஃது அதன் இருபதில் ஒரு பங்கே. அவ்வுயர்வும் உண்ட முதல் ஒரு மணி நேரத்தை ஒட்டியே காணப்பட்டது. ஏழையின் செல்வம் இருபது மடங்காயிற்று என்று கேட்டு, அவன் கையில் முன்பு இருந்தது ஒரு சதம் என்பதை மறந்தாற் போன்றது இச்செய்தியைப் பாராட்டுதல்.

அடுக்களைக் கணக்கும் இதனோடு பொருந்தவில்லை. மஞ்சட் பொடியிற் குர்க்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கு. ஆய்வில் உண்ணப்பட்ட 2 கிராமைப் பெற, ஒருவர் ஒரே வேளையில் அறுபது கிராமுக்கு மேற்பட்ட மஞ்சட் பொடியை விழுங்கவேண்டும். கறியிலே நாம் இடும் ஒரு தேக்கரண்டி மஞ்சள் 3 கிராம் என்று கொண்டால், குடும்பத்தார் அனைவருக்குமாக அதிலுள்ள குர்க்குமின் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கையும் எட்டாது. மஞ்சள் உணவுக்கு நிறமும் மணமுந் தரும் நற்பொருள் என்பதில் ஐயமில்லை. மாத்திரையைப் பற்றிய ஆய்வைக் கறிக்குச் சான்றாக்குவதே தவறு.

இவ்வளவிற் குர்க்குமின் தோற்றது என்று முடிக்கலாமா? 2012 இல் வெளிவந்த அமெரிக்கப் பரிசோதனை ஒன்றில், அல்சைமர் என்னும் மறதிநோயுற்ற 36 பேரில், ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 2 கிராமும், வேறொரு பகுதியினருக்கு 4 கிராமும், எஞ்சியோருக்குப் போலி மருந்துமாக 24 வாரங் கொடுக்கப்பட்டன. பயன் எதுவும் புலப்படவில்லை. அவர்களது குருதியிற் காணப்பட்ட குர்க்குமின் லீற்றருக்கு ஏறக்குறைய 0.007 மில்லிகிராம் மாத்திரமே. இதனைக் கொண்டு ‘குர்க்குமின் மூளையிற் செயற்படாது’ என்று கூறமுடியாது. செயற்படும் என்றுங் கூறமுடியாது. வீட்டை அடையாத கடிதத்துக்கு மறுமொழி வாராமை, பெறுநரின் மனநிலையை அறிவிப்பதாகாது. நோயாளர் ஆறு மாதம் உழைத்தும், ஆய்வாளர் பொருள் செலவிட்டும், வினா வினாவாகவே நின்றது. கிடைப்பளவை முதலிற் சோதியாது பயனைச் சோதிக்கப் புகுவதன் விளைவு இதுவே. நம்பிக்கையோடு உடம்பைக் கொடுத்த நோயாளருக்கு ஆராய்ச்சி செலுத்தவேண்டிய கடன் இதனினும் பெரிது.

மறுப்போர் பக்கத்துப் பிழையையும் இனிக் காண்போம். குருதியில் இல்லாதது உடம்பிற் பயன்படாது என்பது அவர் கொள்கை. திருநெல்வேலிப் பெயரால் வணிக உலகிற் புகழ்பெற்ற நிலாவாரையை நோக்குக. அதன் சேர்வைகளாகிய செனோசைட்டுக்கள் சிறுகுடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை. அதனாலேயே அவை பெருங்குடல் வரை செல்கின்றன. அங்கு வாழும் பற்றீரியாக்கள் அவற்றைப் பிரித்துச் செயலுள்ள பொருளாக மாற்ற, மலச்சிக்கல் நீங்குகின்றது. உறிஞ்சப்படாமையே இம்மருந்தின் வெற்றி. ஈழத்துக் காடுகளில் வளர்வதும், சிங்கள மக்கள் வெனிவெல் என்று போற்றுவதும் ஆகிய மரமஞ்சளில் பேபெரின் என்னுஞ் சேர்வை உண்டு. எலிகளில் அதன் கிடைப்பளவு நூற்றுக்கு ஒன்றையும் எட்டவில்லை. இருந்தும், 2004 இற் சீனாவிலிருந்து வெளிவந்த ஆய்வில், நாளிரு வேளை அரைக்கிராம் வீதம் மூன்று மாதம் அதனை உண்ட 32 பேரிடத்துத் தீய கொலஸ்திரோல் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கு குறைந்தது. குடற் பற்றீரியாக்கள் பேபெரினை எளிதில் உறிஞ்சப்படும் வேறொரு வடிவமாக மாற்றுகின்றன என்பது 2015 இல் காட்டப்பட்டது. குருதியில் எண் சிறிதாயிருத்தல் ஆராய்ச்சிக்கு முற்றுப்புள்ளி ஆகாது; ‘பின் எவ்வழியாற் செயற்படுகின்றது?’ என்ற அடுத்த வினாவுக்குத் தோற்றுவாய் ஆகும்.

புகும் வழியால் ஒரு பொருளின் இயல்பே வேறுபடுதலும் உண்டு. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பிற் பூசிய கூராரே என்னுந் தாவர நஞ்சு, குருதியிற் கலந்தால் தசைகளைச் செயலிழக்கச் செய்து விலங்கைக் கொல்லும். அவ்விலங்கின் இறைச்சியை உண்பவருக்கோ தீங்கில்லை. ஏனெனில் அந்நஞ்சு குடலில் அரிதாகவே உறிஞ்சப்படும். அதனையே 1942 இல் மொன்றியல் நகர மருத்துவர் ஊசி வழியே செலுத்தி, அறுவை மருத்துவத்தில் தசைகளைத் தளர்த்தப் பயன்படுத்தினர். பொருள் ஒன்றே; புகுவழியால் உணவோடு தீங்கின்றிக் கழிவதும், கொல்லும் நஞ்சும், காக்கும் மருந்தும் என மூன்று நிலையுற்றது.

இனி, நம் மரபுமேற் பற்றுடையோர் கூறுவதொன்றுண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி என்னுந் திரிகடுகம் நம் மருத்துவத்திற் பல மருந்துகளோடு கூடி வருவது. கீழ்க்கணக்கு நூலொன்றுக்குப் பெயராகவும் அமைந்தது. மருந்தைத் தேனிலோ நெய்யிலோ பாலிலோ கொடுக்கும் அனுபான முறையும் நம்மிடம் உண்டு. ‘கிடைப்பளவை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்’ என்பது அவர் வாதம். இதில் உண்மையின் ஒரு கூறு உளது. சம்முவிலுள்ள ஆய்வுகூடத்தில் அற்றால் என்பாருங் குழுவினரும் இம்மரபிலிருந்தே தம் வினாவை எடுத்தனர். திப்பிலியோடு கொடுத்தபோது, ஆடாதோடைச் சேர்வையாகிய வசிசீனின் குருதிச் செறிவு விலங்குகளில் இருமடங்குக்கு மேல் உயர்ந்ததை அவர்கள் 1981 இல் அறிவித்தனர். அவ்வழியே சென்ற ஆராய்ச்சியின் பயனாக, காசநோய்க்குரிய றிபாம்பிசினை 450 மில்லிகிராமுக்குப் பதிலாக 200 மில்லிகிராமாகக் குறைத்து, 10 மில்லிகிராம் பிப்பரினோடு சேர்த்த மருந்தொன்று 2009 இல் இந்தியாவில் வெளிவந்தது. மரபு தந்தது வினா. விடையைத் தந்தது அளவீடு. அனுபானத்திற் கண்ட நல்லறிவைப் போற்றுதல் வேறு. அளக்கப்படாத ஒன்றை அளந்ததாகப் பேசுதல் வேறு. பின்னது முன்னோருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

பிப்பரின் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை அறிந்தால், ஊறு எங்கே உளது என்பதும் விளங்கும். அது ஈரலிலுங் குடலிலும் உள்ள பிணைக்கும் நொதியங்களைத் தடுக்கின்றது. புகுந்ததை வெளித்தள்ளும் புரதத்தையுந் தடுக்கவல்லது. வாயிற்காவலனை உறங்கச் செய்தபின், நாம் விரும்பிய விருந்தினன் மாத்திரம் உள்ளே வருவான் என்று எதிர்பார்க்க முடியாது. வலிப்புநோய்க்குரிய பெனிற்றோயின், ஈளைநோய்க்குரிய தியோபிலின், குருதியழுத்தத்துக்குரிய புரோப்பிரனலோல் ஆகியவற்றின் குருதிச் செறிவும் பிப்பரினால் உயர்வது ஆய்வுகளிற் காணப்பட்டது. தியோபிலின் போன்ற மருந்துகளில் பயன்தரும் அளவுக்குந் தீங்குதரும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது.

இத்தீங்கு கற்பனையன்று. 2019 இல் இத்தாலியில் மஞ்சட் சாரம் அடங்கிய துணையுணவுகளை உண்டோர் பலருக்கு ஈரலழற்சி கண்டமையால், அந்நாட்டுச் சுகாதார அமைச்சு எச்சரிக்கை விடுத்தது. 2022 இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று, மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டோர் பத்துப் பேரைப் பற்றி அறிவித்தது. அவருள் ஐவர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். ஒருவர் ஈரல் செயலிழந்து இறந்தார். எழுவரிடத்து ஒரே பரம்பரையலகு வகை காணப்பட்டது. சோதிக்கப்பட்ட ஏழு மாத்திரை வகைகளுள் மூன்றிற் பிப்பரின் சேர்ந்திருந்தது. மாத்திரை உண்போர் தொகையை நோக்க இந்நிகழ்ச்சிகள் அரியனவே. இவை கறியில் இடும் மஞ்சளைப் பற்றியனவும் அல்ல. எனினும், ‘இயற்கைப் பொருள் ஆதலின் எவ்வளவு உறிஞ்சப்பட்டாலும் நன்மையே’ என்ற கூற்றை அவை முற்றாக மறுக்கின்றன. உறிஞ்சப்படாதவரை தீங்கற்றதாயிருந்த பொருள், உறிஞ்சப்படுமாறு செய்தபின் ஒரு புதிய பொருளே. அதன் நன்மையைப் போலவே தீமையையும் முதலிலிருந்து சோதித்தல் வேண்டும்.

இதனினும் பெரிய இழப்பு, கணக்கில் வாராத இழப்பு. குடுவையிற் கண்டதை உடம்பிற் கண்டதாக எண்ணி, உரிய காலத்திற் செய்யவேண்டிய சிகிச்சையை ஒத்திவைக்கும் நோயாளர் இழப்பது அது. கட்டுரை எழுதியவர் அந்நோயாளரைக் காண்பதில்லை. அவர் குடும்பத்தார் கட்டுரையிற் பிழை காணவும் அறியார். ஆதலால் இப்பொறுப்பு, படித்துச் சீர்தூக்கவல்ல நம்மைச் சார்ந்ததாகின்றது.

விஞ்ஞானம் பயிலும் மாணவர், மூலிகை பற்றிய எக்கூற்றைக் கண்டாலுஞ் சில வினாக்களைக் கேட்டுப் பழகுவாராக. சோதனை நிகழ்ந்தது குடுவையிலா, விலங்கிலா, மனிதரிலா? இட்ட செறிவு எவ்வளவு. குருதியில் எட்டக்கூடியது எவ்வளவு? மடங்குக் கணக்குக் கூறப்படின், தொடக்க அளவு யாது? பயன் இல்லை என்றால், பொருள் சென்றடைந்ததா? சென்றடையுமாறு செய்தால், அதனோடு வேறு எவை உட்புகும்? இவ்வினாக்களைக் கேட்பதற்கு ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. பெருக்கலும் வகுத்தலும் அறிந்தாற் போதும். இவற்றுக்கு நின்று விடைகூறும் மூலிகை எதுவாயினும் அதனை மகிழ்ந்து ஏற்போம். விடைகூறாதவற்றை, விடை கிடைக்கும் வரை, உணவாகவும் மணமாகவும் போற்றி, மருந்தென்று சொல்லாதிருப்போம்.